வாலில் முளைத்த டி64

போன மாதம் ஆபீஸ் டாக்கர்ஃபைலில் (கன்டெய்னரைக் கட்டும் குறிப்பு) உபுண்டு லினக்ஸ் 22.04 என்பதை 24.04 ஆக்கினேன். அவ்வளவுதான் செய்தேன், பில்ட் விழுந்துவிட்டது. ஹெட்லெஸ் குரோமுக்கு (திரையில்லாமல் ஓடும் குரோம்) வேண்டிய லைப்ரரிகள் வரிசையாக இருக்கும். அதில் லிப்ஏசவுண்ட்2 மட்டும் கிடைக்காதாம். "அது வெர்ச்சுவல் பேக்கேஜ், வெறும் பெயர்தான், அதைத் தர இரண்டு பேர் இருக்கிறார்கள், நீயே ஒன்றைச் சொல்" என்கிறது பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட். ஒன்று லிப்ஏசவுண்ட்2டி64, இன்னொன்று ஓஎஸ்எஸ்4 என்ற சவுண்ட் சிஸ்டத்தின் பக்கத்துப் பழைய சங்கதி. (சத்தமே போடாத குரோமுக்கு எதற்குச் சவுண்ட் லைப்ரரி என்று கேட்காதீர்கள். அது இல்லாமல் குரோம் எழுந்திருக்காது.)

"22.04-இன் டெப் பேக்கேஜ் ஃபைலை இறக்கிப் போட்டுவிடேன்" என்றார் பக்கத்து சீட் நண்பர். போட்டிருப்பேன். அதற்கு முன் பெயரில் அந்த டி64 வால் எதற்கு என்று தோண்டினேன்.

1970-இலிருந்து விநாடிகளை எண்ணும் டைம்_டி என்ற எண், 32 பிட் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். நம் நேரப்படி காலை 8:44:07. அதை 64 பிட்டாக்கினால் லைப்ரரிக்குள் ஸ்ட்ரக்சர்களின் (தகவல் கட்டுகளின்) அளவு மாறும். பழைய அளவை நம்பி கம்பைல் ஆன புரோகிராம் தப்பான இடத்தில் கை வைக்கும். ஆனால் ஃபைலின் சோனேம் (புரோகிராம்கள் லைப்ரரியைத் தேடும் பெயர்) அதேதான். அதை முடிவு செய்வது லைப்ரரியை எழுதுகிறவர்கள். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் மட்டும் தனியாக மாற்றினால் வெளியே கம்பைல் செய்த எதுவும் அதைத் தேடிக் கண்டுபிடிக்காது. சரி, பேக்கேஜ் பெயரையாவது மாற்றுவோம், பழையதும் புதியதும் ஒன்றாகக் கலக்காது என்று 2024-இல் டி64 ஒட்டினார்கள். 2015-இல் ஜிசிசி 5 கம்பைலர் வந்து சி++ ஸ்ட்ரிங்கின் அமைப்பு மாறியபோது வி5 ஒட்டியதும் இதே வைத்தியம்தான். பழைய பைனரிகளை ஓட்டவே பெரும்பாலும் உயிரோடிருக்கும் ஐ386 என்ற 32 பிட் வகையை மட்டும் இதில் தொடவில்லை.

எங்கள் சர்வர் 64 பிட். உள்ளே எதுவும் மாறவில்லை, பெயர் மட்டும்தான். அதனால் புதிய பேக்கேஜே பழைய பெயருக்கும் "நான்தான்" என்று கை தூக்கும். அதே பட்டியலில் இருந்த கிலிப் லைப்ரரியின் வரி சத்தமில்லாமல் கிலிப் டி64-க்குப் போனது இப்படித்தான். லிப்ஏசவுண்ட்2-க்கு மட்டும் இரண்டு பேர் கை தூக்கியதால் ஆப்ட் முழித்தது.

வரியில் டி64 சேர்த்தேன், பில்ட் பச்சையானது. சோனேம் அடுத்து மாறும்போது வால் உதிர்ந்துவிடும், அன்றைக்கும் இதே வரி உடையும். மேலே ஒரு கமெண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.