ஓடும்போது விழுந்தாளா, ஓடி முடித்த பிறகா?

இதய மின்னியல் நிபுணர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தாளா, ஓடி முடித்து நின்ற பிறகா?" அவரிடம் வந்து சேர்வதற்கு முன் நாங்கள் பார்த்த யாரும் இதைக் கேட்கவில்லை. சாப்பிட்டாளா, தண்ணீர் குடித்தாளா, பரீட்சை பயமா, மாதவிலக்கா என்றெல்லாம் கேட்டார்கள். தவறான கேள்விகள் அல்ல. ஆனால் எல்லாமே "ஒன்றுமில்லை" என்ற பதிலை நோக்கியே போகும் கேள்விகள்.

என் மகளுக்கு வயது 14. 800 மீட்டர் ஓடுபவள். இரண்டாவது சுற்றின் வளைவில், முன்னால் போனவளை முந்தப்போகும் வேளையில் விழுந்தாள். கையை ஊன்றவில்லை, முகம் நேராகத் தரையில் மோதியது. சில நொடிகள் உடல் வெட்டி இழுத்தது. கண்கள் திறந்திருந்தன, பார்வை இல்லை. பயிற்சியாளர் மைதானத்தின் குறுக்கே ஓடிவந்து மார்பில் கைவைக்கப் போகையில், அவளே மூச்சை இழுத்துக்கொண்டு விழித்துவிட்டாள்.

முதலில் போன இடத்தில் வெயில் என்றார்கள். உப்புநீர் ஏற்றி, ஒரு ஈசிஜி எடுத்து, இயந்திரமே அச்சடித்துக் கொடுத்த "இயல்பு" என்ற சொல்லைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் வலிப்பாக இருக்கலாம் என்று மூளை அலைப் பதிவுக்கு எழுதினார்கள். அதுவும் இயல்பு. அந்த முடிவைப் பார்த்த நரம்பியல் மருத்துவருக்கு நான் என்றும் கடன்பட்டவள். மாத்திரை எழுதி அனுப்பியிருந்தால் நாங்களும் நம்பியிருப்போம். அவரோ காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, "ஓட்டத்தின் நடுவில் விழுந்து, உடனே தெளிந்துவிட்டாள் என்கிறீர்கள். வலிப்பு என்றால் விழித்த பின்னும் கொஞ்ச நேரம் குழப்பம் இருக்கும். இவளை முதலில் இதயம் பார்ப்பவரிடம் காட்டுங்கள், அதுவரை ஓடக் கூடாது" என்றார்.

பந்தயத்தை வேறொரு பெற்றோர் கைபேசியில் படம்பிடித்திருந்தார். நிபுணர் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் அதைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. அவரோ அதில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் குறையவில்லை, தள்ளாடவில்லை, தலையைப் பிடிக்கவில்லை. சாதாரண மயக்கம் பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும் என்று விளக்கினார்: கண் இருட்டும், வியர்க்கும், குமட்டும். வேகமாக ஓடிச் சட்டென்று நின்றால், ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வருவதும் உண்டு. அது பெரும்பாலும் ஆபத்தற்றது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஓட்டத்தின் நடுவிலேயே விழுவது வேறு வகை. இதயம் காரணமில்லை என்று உறுதியாகும்வரை இதயம்தான் காரணம் என்று கொள்ள வேண்டும். யாராவது படம் எடுத்திருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். அவமானமாக இருக்கும், இருந்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். மற்ற இடங்களில் நிரப்பிய படிவங்களில் "குடும்பத்தில் இதய நோய் உண்டா" என்றுதான் இருந்தது. இல்லை என்று எழுதியிருந்தோம். இவர் கேட்ட விதமே வேறு. "50 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள் உண்டா? நீச்சல் தெரிந்தும் நீரில் மூழ்கியவர்கள்? காரணம் தெரியாத வாகன விபத்து? வலிப்பு என்று மருந்து சாப்பிட்டவர்கள்? தூக்கத்தில் இறந்த குழந்தை?" இரண்டாவது கேள்வியிலேயே எனக்குத் தொண்டை அடைத்தது. என் தம்பி 19 வயதில் நீரில் போனான். எங்கள் எல்லோரையும்விட நன்றாக நீந்துபவன். சுழல் இழுத்துவிட்டது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டு இத்தனை ஆண்டுகளைக் கழித்திருந்தோம்.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். மாரடைப்பில் ரத்தக்குழாய் அடைபடுகிறது. இதய நிறுத்தத்தில் மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் துடிப்பதற்குப் பதிலாக நடுங்குகிறது. ரத்தம் எங்கும் போவதில்லை. இளம் வயதில் இதற்கான காரணங்கள் வேறு: இதயத் தசை பிறவிக் கோளாறால் தடித்துப்போவது, இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரி நாளம் தவறான இடத்தில் தொடங்குவது, வைரஸ் காய்ச்சலுக்குப் பின் இதயத் தசையில் அழற்சி, அல்லது பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத இதயத்தில் மின்கோளாறு மட்டும். மகளுக்கு எக்கோவும் எம்ஆர்ஐயும் எடுத்தார்கள். தசை, வால்வு, நாளங்கள் எல்லாம் சரி. மிஞ்சியது மின்னோட்டம்.

காத்திருக்கும் அறையில் படகுப் போட்டி வீரன் ஒருவனின் தந்தையைச் சந்தித்தேன். அவருடைய மகனின் இதயச் சுவர் தடித்திருக்கிறது. கடும் பயிற்சியால் தடித்ததா, நோயா என்று தெரியவில்லை. பயிற்சியை மாதக்கணக்கில் நிறுத்திவிட்டு, தடிமன் குறைகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பதில் தெரியாமல் சும்மா இருப்பதும் சிகிச்சையின் பகுதி என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் ஓடும் காலணியைப் பார்த்தாலே அழும் பெண் ஒருத்தி இருந்தாள்.

"இயல்பு" என்று அச்சிட்டிருந்த அந்தப் பழைய ஈசிஜியை நிபுணர் கேட்டு வாங்கி, அளவுகோலும் பென்சிலும் எடுத்துத் தானே அளந்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ள எடுக்கும் நேரத்தைக் கியூடி இடைவெளி என்கிறார்கள். துடிப்பு வேகமானால் இது சுருங்கும் என்பதால், வேகத்துக்கேற்பத் திருத்திக் கணக்கிட வேண்டும். பெண்களுக்கு 460 மில்லி நொடியைத் தாண்டினால் சந்தேகம். 480 என்றால் சந்தேகம் வலுக்கும். 500க்கு மேல் ஆபத்து கூடும். மகளுக்கு 466. அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். ஓடும்போது அல்ல, நின்று இளைப்பாறும் நேரத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. நான்காவது நிமிடத்தில் 492. சுருங்க வேண்டிய இடைவெளி நீண்டுகொண்டிருந்தது. அறையில் அதிர்ச்சிக் கருவியும் செவிலியரும் தயாராக நின்றதை நான் கவனித்தேன். மகள் கவனிக்காமல் இருக்க, அவர்கள் அவளிடம் ஏதோ கதை பேசிக்கொண்டே இருந்தார்கள்.

லாங் கியூடி நோய்க்குறி. அதிலும் வகைகள் உண்டு. முதல் வகைக்காரர்களை உடல் உழைப்பு தூண்டும், குறிப்பாக நீச்சல். இரண்டாம் வகையினரைக் கடிகார அலாரம் போன்ற திடீர்ச் சத்தம் தூண்டும். மூன்றாம் வகை பெரும்பாலும் ஓய்விலும் தூக்கத்திலும் தாக்கும். நீச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மரபணுப் பரிசோதனைக்கு முன் ஆலோசகர் ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். "முடிவு ஆம், இல்லை என்று மட்டும் வராது. ஒரு மாற்றம் இருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்று இப்போதைக்குத் தெரியாது என்றும் வரலாம்" என்றார். எங்களுக்குத் தெளிவாகவே வந்தது: கேசிஎன்கியூ1 என்ற மரபணுவில், ஏற்கெனவே நோய்க்குக் காரணம் என்று அறியப்பட்ட மாற்றம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. கணவருக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. என் ஈசிஜியோ எந்தக் குறையும் சொல்ல முடியாதது. வாழ்நாளில் ஒருமுறைகூட நான் மயங்கி விழுந்ததில்லை. ஒரே மாற்றம் ஒருவரைக் கொல்கிறது, ஒருவரை வீழ்த்துகிறது, ஒருவரைத் தொடாமலே விட்டுவிடுகிறது. இளையவனுக்கு இல்லை என்று முடிவு வந்த அன்று, எல்லோரும் மகிழ்ந்தபோது, மகள் மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பக்கமும் நியாயம் இருந்தது.

சிகிச்சை நடோலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை. அட்ரினலின் இதயத்தை விரட்டுவதை அது தடுக்கிறது. ஒரு நாளும் விடக் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது. தொடக்கத்தில் அவளுக்குக் கை கால் சில்லிட்டது, படி ஏறினாலே சோர்வு. எனக்கும் அதே மாத்திரை என்பதால் அவள் பொய் சொல்லவில்லை என்று என்னால் சாட்சி சொல்ல முடிந்தது! உடலுக்குள் அதிர்ச்சிக் கருவியான ஐசிடி பொருத்த வேண்டாமா என்று கேட்டோம். இதய நிறுத்தத்திலிருந்து மீண்டவர்களுக்கும், மருந்தையும் மீறி மயக்கம் வருபவர்களுக்கும்தான் பெரும்பாலும் அதைப் பற்றி யோசிப்போம், இவளுக்கு இப்போது வேண்டாம் என்றார் நிபுணர்.

மாத்திரையைவிடப் பெரிய வேலை, தவிர்க்க வேண்டிய மருந்துகள். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல், வாந்திக்குக் கொடுக்கும் ஆண்டான்செட்ரானும் டொம்பெரிடோனும் கியூடியை நீட்டுபவை. கொடுமை என்னவென்றால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால் பொட்டாசியம் குறையும், அதுவே ஆபத்தைக் கூட்டும்; அந்த நேரத்தில்தான் மருந்தகத்தில் ஆண்டான்செட்ரானை எடுத்து நீட்டுவார்கள். கிரெடிபிள்மெட்ஸ் என்ற தளத்தில் பட்டியல் இருக்கிறது. எந்தப் புது மருந்தையும் அதில் பார்த்த பிறகுதான் வாங்குகிறோம்.

இனி ஓடலாமா? 2005ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல் இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலான போட்டி விளையாட்டுகளை மறுத்தது. 2015இல் அது தளர்ந்தது: சிகிச்சை ஒழுங்காக நடந்து, அறிகுறிகள் இல்லாமல், பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தால், குடும்பத்தோடு கலந்து பேசி முடிவெடுக்கலாம். நிபுணர் பெரும்பாலும் அவளிடமே பேசினார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மாத்திரை, தண்ணீர், தனியாக ஓடாமை, நீச்சல் தனியாக எப்போதும் கூடாது, மைதானத்தில் ஏஇடி, அதாவது நின்ற இதயத்துக்கு யாரும் மின்அதிர்ச்சி கொடுக்க உதவும் தானியங்கிக் கருவி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "என் வேகம் குறையுமா?" என்று கேட்டாள். "குறையும்" என்றார். பொய் சொல்லாததால் அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பள்ளி நிர்வாகமோ "எந்த ஆபத்தும் இல்லை" என்று மருத்துவரின் கடிதம் கேட்டது. அப்படி எந்த மருத்துவரும் எழுத மாட்டார். இதய நிறுத்தத்தில் சிபிஆர் எனும் மார்பை அழுத்தும் முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பள்ளியிலிருந்த ஏஇடியோ மாடியில், பூட்டிய அலுவலக அலமாரியில் இருந்தது. அதை மைதானத்துக்குக் கொண்டுவரச் சொன்னபோது, என் மகளுக்காக மட்டும் கேட்கிறேன் என்றுதான் முதலில் பார்த்தார்கள். 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டுச் சுருண்டதை எடுத்துச் சொன்னேன். துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நெஞ்சில் அடி விழுந்தால் ஆரோக்கியமான இதயமும் நின்றுபோகும். பந்து பட்டாலும் போதும். டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் விழுந்தபோது, மைதானத்திலேயே சிபிஆரும் மின்அதிர்ச்சியும் கிடைத்தன. மறு ஆண்டே ஐசிடியோடு மீண்டும் ஆடினார். ஏஇடி இப்போது மைதானத்தின் ஓரத்தில், பூட்டில்லாத பெட்டியில் இருக்கிறது.

பயிற்சியாளர்களுக்கு வகுப்பும் நடந்தது. உடல் வெட்டுவதை வலிப்பென்றும், விட்டுவிட்டு வரும் திணறலை மூச்சென்றும் எண்ணி நிற்கக் கூடாது. பேச்சுமூச்சில்லை என்றால் உதவிக்கு அழைத்துவிட்டு அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம். அழுத்திப் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு உடல்வலு கேட்கும் வேலை என்று தெரிந்தது. ஏஇடி வாய்விட்டு வழிசொல்லும். தேவையில்லை என்றால் அதிர்ச்சி கொடுக்காது.

எல்லா விளையாட்டுப் பிள்ளைகளுக்கும் ஈசிஜி கட்டாயமாக்க வேண்டுமா என்று என்னைக் கேட்கிறார்கள். இத்தாலி 1982இலிருந்து அப்படிச் செய்கிறது; அங்கே வெனெட்டோ பகுதியில் இளம் வீரர்களின் திடீர் இறப்பு 89 சதவீதம் குறைந்ததாக 2006இல் ஆய்வு வெளிவந்தது. மற்ற நாடுகளில் இன்னும் விவாதம் ஓயவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன்: எடுப்பது நல்லது, படிக்கத் தெரிந்தவர் படித்தால். என் மகளின் ஈசிஜி "இயல்பு" என்ற முத்திரையோடு எங்கள் பையிலேயே சுற்றிக்கொண்டிருந்ததே! ஓடும்போது மயங்கிய பிள்ளையை விளையாட்டிலிருந்து நிறுத்தி, இதயத்தை முழுமையாகப் பார்க்க, எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

மகள் மீண்டும் 800 மீட்டர் ஓடுகிறாள். முன்பைவிட மெதுவாக, அதைப் பற்றிக் கோபத்தோடு. என் அக்கா மரபணுப் பரிசோதனை வேண்டாம் என்று இன்னும் பிடிவாதமாக இருக்கிறாள். நிபுணர் உறவினர்களுக்கென்று எழுதிய கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். "தம்பியைக் கொன்றது சுழல்தான், அதை இப்போது கிளறாதே" என்கிறாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நீந்துகிறார்கள். வேண்டுமானால் ஈசிஜி மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று போன வாரம் இறங்கி வந்திருக்கிறாள். ஈசிஜி சரியாக இருந்தும் நோய் இருக்க முடியும் என்பதற்கு நானே இருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.