ஒன்பது முட்கள்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. காரணம், கையில் போன்.

ஹாரி பாட்டர் ரசிகை ஒருவர் எழுதும் குட்டிக் கதைகள். டிராபிள் என்பார்கள், எண்ணி 100 சொற்கள்தான்.

ஹாரியின் நண்பன் ரானின் குடும்பம் வீஸ்லி. அவர்கள் வீட்டுக் கடிகாரம் தெரியுமில்லையா? மணி காட்டாது. ஆளுக்கொரு முள்ளாக ஒன்பது முட்கள், யார் எங்கே என்று காட்டும்.

நாவலின் கடைசிப் போரில் அந்த வீட்டு மகன் ஃப்ரெட் இறந்துவிட்டான். அவன் முள்?

இந்த ரசிகையின் கதையில் அவன் அம்மா மோலி அதைக் கழற்றவில்லை. தினமும் தூசி துடைக்கும்போது, விரலால் மெல்லத் தள்ளி ‘வீடு’ என்ற இடத்தில் வைக்கிறாள்.

அவ்வளவுதான் கதை. மந்திரக்கோலே வரவில்லை.

மூல நாவல் போர் முடிந்ததும் 19 ஆண்டுகள் தாவிவிடும். அந்த இடைவெளியில் ஓர் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இவர்தான் எட்டிப் பார்க்கிறார்.

சரி, பாத்திரத்தை ஊறவைத்திருக்கிறேன். அடுத்த கதையைச் சாப்பிட்ட அப்புறம் படிக்க வேண்டும்.