ஐந்து சதவீதம்தானே?

பிரிட்டனில் ஒரு வீட்டு மின் பில். மொத்தத் தொகைக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி: வாட் (VAT, மதிப்புக் கூட்டு வரி) 5%.

அது எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள்.

யூனிட் கட்டணத்தின் மேல் மட்டுமல்ல. ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் தினமும் ஏறும் நிலைக்கட்டணத்தின் மேலும் விழுகிறது. பசுமைத் திட்டங்களுக்கென்று விலைக்குள் சேர்த்த தொகையின் மேலும்தான். வசூலுக்கு மேல் வசூல்!

1994 ஏப்ரலில் 8% என்று தொடங்கியது. அதை 17.5% ஆக்கும் திட்டம் அந்த டிசம்பரிலேயே நாடாளுமன்றத்தில் தோற்றது. 1997 செப்டம்பரில் 5%.

விகிதம் அசையாமலே அரசின் வரவு ஏறும். வரிக்கு முந்தைய பில் 1,000 பவுண்ட் என்றால் வரி 50. விலை ஏறி அது 2,000 ஆனால் வரி 100.

அதற்காக கஜானா நிரம்பி வழிகிறது என்று நினைத்துவிடாதீர்கள். பில்லுக்குப் போன கூடுதல் பணம் ஓட்டல் சாப்பாட்டையோ சோபாவையோ வெட்டி வந்தது. அங்கே வாட் 20%; அந்த வரவு அரசுக்குக் குறையும்.

சரிபார்ப்பது சுலபம். யூனிட்டை விலையால் பெருக்குங்கள், நாட்களை நிலைக்கட்டணத்தால் பெருக்குங்கள், இரண்டையும் கூட்டி 1.05-ஆல் பெருக்குங்கள். கணக்கு இடித்தால், நீங்கள் எடுத்த விலை வாட் சேர்த்ததா, சேர்க்காததா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

பில்லில் 20% என்றே இருந்தால், இணைப்பு வணிகக் கணக்கில் பதிவாகியிருக்கலாம். வீட்டு உபயோகம் என்று சப்ளையருக்கு எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், பழைய பில்களையும் சேர்த்து.