கைப்பு: ஆடி மாதக் குறிப்புகள்

2024 ஜூலை 20, சனி

மூன்று நாளாக மலச்சிக்கல், வயிறு கல் மாதிரி இருக்கிறது. காரணம் எனக்கே தெரியும்: வேலை முடிந்து ராத்திரி பத்தரைக்கு மேல் நாகர்கோவிலில் பரோட்டா, வந்து படுத்தால் தூக்கம். எங்கள் அம்மை கஷாயம் எதுவும் வைக்கவில்லை. "கைப்பு உள்ளே போயி எத்தனை நாளாச்சு மக்ளே?" என்று மட்டும் கேட்டாள். (கைப்பு என்றால் கசப்பு.)

ஜூலை 21, ஞாயிறு

வடசேரி சந்தையில் மிளகுதக்காளிக் கீரை இரண்டு கட்டு வாங்கினேன். (வெளியூர்க்காரர்களுக்கு மணத்தக்காளி.) அம்மை தேங்காய், சின்ன உள்ளி, சீரகம், காந்தாரி மிளகாய் எல்லாம் சதைத்துப் போட்டுத் துவரன் (தேங்காய்ப் பொரியல்) வைத்தாள். கசப்பு தெரியாமலிருக்கக் கருப்பட்டி ஒரு துண்டு போடலாமா என்று கேட்டேன். சட்டியையே நகர்த்தி வைத்துவிட்டாள். "கைப்பு நாக்கில படணும்லே. அதுக்குத்தானே திங்குது?"

அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கசப்பு நாக்கில் பட்டதும் எச்சில் ஊறுகிறது. கசப்பை உணரும் ஏற்பிகள் குடலிலும் உண்டு. ஆனால் மலச்சிக்கலுக்கு உதவுவது பெரும்பாலும் கீரையின் நார்ச்சத்துதான் என்று நினைக்கிறேன். அம்மையிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

பேராசை. மதியம் ஒரு கிண்ணம், ராத்திரி மறுபடியும் ஒரு கிண்ணம். விடிய விடிய வயிற்றில் கடமுடா. ராத்திரி கீரை ஆகாது என்பதை மூடநம்பிக்கை என்று கிண்டலடித்தவன் நான். நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வாயு வரும், தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். இரண்டையும் இன்றைக்குத்தான் படித்தேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

துவாதசி. நேற்று அம்மை ஏகாதசி விரதம், அதை முடிக்க இன்று அகத்திக்கீரை. ஈர்க்கிலிருந்து இலையை உருவவே அரை மணி நேரம் போனது. இதற்கு முன்னால் மிளகுதக்காளி எல்லாம் ஒரு கசப்பா! முதல் உருண்டையில் கண்ணை மூடிக்கொண்டேன், மூன்றாவதில் பழகிவிட்டது.

அப்பாவுக்குப் பரிமாறவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அகத்தி மருந்தை முறித்துவிடும் என்பது வீட்டுச் சட்டம். அவருடைய மாத்திரைக்கு அது பொருந்துமோ என்னமோ. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

வயிறு சரியாகிவிட்டது. முழுப் புகழையும் கீரைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பத்தரை மணிப் பரோட்டாவும் எட்டு மணிக் கஞ்சியாக மாறியிருக்கிறதே.

காலையில் கிணற்றடியில் பல் தேய்க்கும்போது பார்த்தேன், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு மிளகுதக்காளி. தானாக முளைத்தது. போன வருஷம் இதே இடத்தில் களை என்று பிடுங்கி எறிந்தவனும் நான்தான். ஒரு பிடி பறித்து அம்மையிடம் கொடுத்தேன். பழம் ஒன்றுகூட மிச்சமில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முந்திவிட்டார்கள்.