வட்டக்கச்சியில் ஆர் பள்ளத்தாக்கு வைன்

ஆனையிறவைத் தாண்டி, கிளிநொச்சியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பினால் இரணைமடுத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்களும் வயல்களும். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் கிணற்றை நம்பி முந்திரிகை (திராட்சை) பந்தல் வைத்திருக்கும் எனக்கு இவ்வளவு தண்ணீரைப் பார்த்தாலே ஏக்கம் வரும்.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மச்சான், வட்டக்கச்சி மாமா வீட்டுக்கு மூன்று போத்தல் சிவப்பு வைன் கொண்டுவந்திருந்தார். எல்லாம் அங்குள்ள ஆர் (Ahr) பள்ளத்தாக்கில் விளைந்தவை. ஆர், ரைன் நதியில் சேரும் சிற்றாறு. வட அகலாங்கு 50 பாகைக்கும் மேலே. அந்தக் குளிரிலும் அங்கே சிவப்பு முந்திரிகை பழுக்கிறது. செங்குத்துச் சரிவுகளில் கிடக்கும் கரிய சிலேட்டுக் கல், பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் கொடிகளுக்கு விடுகிறதாம்.

வன்னி வெக்கைக்குப் போத்தல்களைக் கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துத்தான் திறந்தோம். இனம் ஸ்பேட்புர்குண்டர், பிரெஞ்சுக்காரரின் பினோ நுவார். தோல் மெல்லிய பழம் என்பதால் நிறம் வெளிறியிருந்தது. கிளாசுக்குப் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. வாயில் வைத்ததும் இனிப்பில்லை. தெளிந்த புளிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு. மாமா ஒரு மிடறு குடித்துவிட்டு, "நாவற்பழம் மாதிரிக் கிடக்கு தம்பி" என்றார். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தப் புளிப்புத்தான் என்னை யோசிக்க வைத்தது. பழம் முற்றும்போது அதிலுள்ள, புளிப்புத் தரும் மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசித்து எரிக்கிறது. வெக்கை கூடினால் எரிவதும் கூடும். ஆர் பள்ளத்தாக்கில் செப்டெம்பர் மாதத்துக் குளிர் இரவுகள் அதை மிச்சம் வைக்கின்றன. எங்கள் இஸ்ரேல் புளூ இன முந்திரிகைக் குலைகளுக்கு அப்படியான இரவு கிடைப்பது அரிது. இனிப்பேற இனிப்பேற, புளிப்பு போய்விடுகிறது. நாங்களும் இனிப்பை மட்டும் பார்த்தே குலை வெட்டுகிறோம்.

மூன்றாவது போத்தலில் காய்ந்த சேறு அப்படியே ஒட்டியிருந்தது. 2021 ஜூலை 14 இரவு ஆர் பெருகி, அந்தப் பள்ளத்தாக்கில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். நிலவறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. சேறு படிந்த போத்தல்களைக் கழுவாமலே விற்று, மீளக் கட்டுவதற்குப் பணம் சேர்த்தார்கள். மாமி போத்தலைக் கையில் வாங்கிக் கனநேரம் பார்த்தா. 2018 டிசம்பரில் கிளிநொச்சியை மூடிய வெள்ளத்தைக் கண்டவ அவ. "கொடியள் தப்பிச்சுதோ மோனை?" என்றுதான் முதலில் கேட்டா. சரிவில் நின்றவை தப்பின, ஆற்றோரம் நின்றவை போய்விட்டன என்றார் மச்சான்.

வைன் வடிக்கும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் சாப்பிடும் பழத்துக்கும் அந்தப் புளிப்பு வேண்டும். இரவு குளிர்கிற தை மாதத்தில் பழம் முற்றும்படி ஒரு பந்தலை மட்டும் முன்கூட்டிக் கத்தரிக்கப் போகிறேன். மாரி மழையில் இலையில் பூஞ்சணம் ஏறும், மருந்தடிப்பும் கூடும். அதனால்தான் ஒரு பந்தல்.