ஒரு பழைய கிதாரும் நனையாமல் தப்பிய நாடாக்களும்

இந்த வாரம் முழுக்க அமெரிக்க நாட்டுப்புற இசை ஜோடி கில்லியன் வெல்ச்சும் டேவிட் ராலிங்ஸும்தான் காதில். இரண்டு குரல், இரண்டு கிதார், அவ்வளவுதான்.

ராலிங்ஸ் கையில் இருப்பது 1935ல் செய்த எபிஃபோன் ஒலிம்பிக் கிதார். அந்தக் காலத்தில் மலிவு ரகம். மேல்பலகை லேசாக வளைந்து, வயலினில் இருப்பது மாதிரி இரண்டு துளைகள். உருவம் சின்னது, அடிநாதம் அதிகம் கிடையாது. ஆனால் தந்தியைத் தட்டினால் ஒரு வறண்ட, கூரான சத்தம், மரத்தில் விரல் படுவது போல. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

2001ல் அகோனி என்று சொந்தமாக ஒரு இசை வெளியீட்டு நிறுவனம் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் உட்லேண்ட் என்கிற பழைய ஸ்டுடியோவையும் வாங்கினார்கள். டிஜிட்டல் வந்த பிறகும் காந்த நாடாவில்தான் பதிவு. அப்புறம் இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தையே சொந்தமாக வாங்கி, நாடாவிலிருந்து நேரடியாகத் தட்டுக்கு ஏற்றினார்கள். இவ்வளவு பிடிவாதம் எத்தனை பேருக்கு இருக்கும்!

2020 மார்ச் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். சூறாவளி ஸ்டுடியோ கூரையைப் பிய்த்துவிட்டது. மின்சாரம் இல்லை, உள்ளே மழை. இருட்டில் இருவரும் மூல நாடாக்களைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். அந்த ஆண்டே, 2002ல் பதிவு செய்து வெளிவராமல் கிடந்த 48 பாட்டுகளை வெளியிட்டார்கள்.

நேற்று ராத்திரி அவற்றில்தான் சிலதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டில், தொடங்குவதற்கு முன் யாரோ மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது.