சட்டத்தில் ஏறிய டைனோசர்கள்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் பூ, பறவைபோல டைனோசரும் அரசுச் சின்னம். தேர்ந்தெடுப்பது எளிது, பெயரைக் காப்பாற்றுவதுதான் பாடு. சட்டம் எழுதிய பெயர் அப்படியே கிடக்கும். தொல்லுயிரியலில் பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

டெக்சஸ் இதில் நன்றாகவே சூடுபட்ட மாநிலம். 1997இல் அது தேர்ந்தெடுத்தது ப்ளூரோசீலஸ். அந்தப் பெயர் மேரிலாந்தில் கிடைத்த எலும்புகளுக்கு 1888இலேயே வைத்தது. டெக்சஸ் எலும்புகளை மறுபடி ஆராய்ந்தபோது அவை வேறு விலங்கினுடையவை என்று தெரிந்தது. 2007இல் பாலக்சிசாரஸ் என்று புதுப்பெயர் வந்தது. 2009இல் சின்னத்தையும் மாற்றினார்கள். மூன்றே ஆண்டில் அடுத்த இடி: பாலக்சிசாரஸும் சாரோபொசைடனும் ஒரே விலங்குதான் என்று ஓர் ஆய்வு சொன்னது. விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முந்திய பெயருக்கே முன்னுரிமை. சாரோபொசைடன் என்பது ஓக்லஹோமாவில் கிடைத்த நான்கு கழுத்தெலும்புகளை வைத்து 2000இல் சூட்டிய பெயர். ஆக, அந்த ஆய்வை ஏற்றால் டெக்சஸின் டைனோசருக்குப் பக்கத்து மாநிலத்துப் பெயர்!

வாஷிங்டன் டி.சி. கதை இன்னும் வேடிக்கை. 1898இல் சாக்கடைக்குத் தோண்டியபோது ஒரு வால் எலும்பு கிடைத்தது. நூறாண்டு கழித்து, 1998இல், அதைக் 'கேப்பிட்டல்சாரஸ்' என்று சின்னமாக்கினார்கள். முறையான அறிவியல் விவரிப்போடு அந்தப் பெயர் வெளியானதே இல்லை. சட்டத்தில் இருக்கிறது, விலங்கியலில் செல்லாது. ஆர்கன்சாவும் 2017இல் ஆர்கன்சாரஸை அவசரமாகத்தான் ஏற்றது. நல்லவேளை, முறையான விவரிப்பு மறு ஆண்டே வந்துவிட்டது.

எனவே மசோதா எழுதும் முன் பார்க்க வேண்டியது இதுதான்: பெயர் எந்த எலும்பின்மேல் நிற்கிறது, அது எங்கே கிடைத்தது? ஓரிரு எலும்பை நம்பிய பெயர் எளிதில் சாயும். வயோமிங்கின் ட்ரைசெராடாப்ஸுக்கு மண்டையோடுகள் ஏராளம், பயமில்லை. பேரினப் பெயரோடு (நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்துக் குறிக்கும் பொதுப்பெயரோடு) நிறுத்திக்கொள்வதும் புத்திசாலித்தனம். ஸ்டெகோசாரஸுக்கு அடையாளமாக நின்ற சிற்றினத்தை 2013இல் மாற்றியபோதும் பேரினப் பெயர் அசையவில்லை; 1982இலிருந்து அதைச் சின்னமாக வைத்திருக்கும் கொலராடோவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

எலும்பே கிடைக்காத மாநிலமும் உண்டு: கனெக்டிகட்டில் கிடைத்தவை கால்தடங்கள். தடத்துக்குத் தனிப்பெயர் உண்டு, யூப்ரான்டஸ். 1991இல் அதையே மாநிலப் புதைபடிவமாக்கினார்கள். தடத்துக்குரிய விலங்கின் எலும்பு அங்கே அகப்படவில்லை. பின்னர் மாநில டைனோசராக எடுத்துக்கொண்ட டைலோபோசாரஸின் எலும்புகள் கிடைத்த இடம் அரிசோனா.